ஊட்டி உருளைக்குக் கறம்பக்குடி மண்

உருளைக்கிழங்குக்கு மண் பூசுவது பார்க்கத்தான் சுலபம்.

காய்ந்த மண் ஒட்டாது. சேறாகக் குழைத்துப் பூசினால் அப்போதைக்கு ஒட்டும்; காய்ந்ததும் பழைய சுவர்க் காரை மாதிரிச் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பக்குவம் இருக்கிறது. சாக்கை நனைத்துப் பிழிந்து, அதன்மேல் சலித்த செம்மண்ணைத் தூவி, கிழங்கைக் கொட்டி, இரண்டு முனையையும் பிடித்துத் தூளியில் பிள்ளையை ஆட்டுவதுபோல் ஆட்ட வேண்டும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். எனக்கு ஆள் இல்லை. ஆளைக் கூப்பிட்டால் விஷயம் வெளியே போய்விடும். அதனால் ஒரு முனையை முருங்கை மரத்தில் கட்டிவிட்டு, மறுமுனையை நான் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இடம், கறம்பக்குடிக்குப் பக்கத்தில் என் அக்கா வீட்டுக் கொல்லை. வைகாசி வெயில். மூக்கெல்லாம் செம்புழுதி. பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"என்னடா பண்றே?"

"கெழங்கக் குளிப்பாட்டுறேன்க்கா."

"குளிப்பாட்டுனா அழுக்குப் போகணும். நீ ஏத்திக்கிட்டுல்ல இருக்கே?"

ராஜாத்தி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். சாக்கைப் பார்த்தாள். மரத்தில் கட்டியிருந்த முனையைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். விளக்கம் சொல்ல வேண்டிய ஆள் இல்லை அவள்.

"அப்ப இது ஊட்டிக் கெழங்கு இல்ல?"

"குஜராத்துக்கா."

அக்கா பந்தல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. குனிந்து ஒரு கிழங்கை எடுத்துப் புரட்டினாள்.

"இந்தப் பக்கம் வெள்ளையாத் தெரியுது பாரு. நல்லா அப்பு."

இரண்டடி போனவள் நின்றாள்.

"தங்கராசு, இதோட குட்டு ஒடைஞ்சுச்சுன்னு வையி, நாளைக்குத் தட்ட நீ தூக்க வேணாம். சின்னையா தூக்கட்டும்."

தட்டு யார் தூக்குவது

போன வாரம் இந்தத் தொடரில் என்னை மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டைக்கு நடுவே தூங்கவிட்டுப் போனீர்கள். அங்கிருந்து எழுந்து வருகிற கதை இன்னும் இருக்கிறது. ஆனால் மண்டியில் கற்ற வித்தை எனக்கு எங்கே உதவியது என்று சிலர் கேட்டதால், நடுவில் பல வருஷத்தைத் தாண்டி இந்தக் கொல்லைக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அக்கா மகள் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். கவிதா திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்தாள். மாப்பிள்ளையும் அதே கம்பெனியில் அதே லைனில் தைத்தார். வேறென்ன நடக்கும்? இரண்டு வீட்டாரும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, பிறகு சம்மதித்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் ஊட்டிக்குப் பக்கம் கேத்தி. குடும்பமே கிழங்கு போடுகிற குடும்பம்.

எங்கள் ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "எங்கிட்டோ மலைக்காட்டுல கொண்டுபோய்க் குடுக்குறாளாம்ல" என்றார்கள். அக்காவுக்கு அது முள்ளாகக் குத்தியது. பதிலுக்கு அவள் ரேஷன் கடை வரிசையில் நின்று ஒரு அறிவிப்புச் செய்தாள். சம்பந்திக்கு அவர்கள் ஊர் உருளையிலேயே குருமாவும் மசாலாவும். ஊரே வந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

காய்கறிப் பொறுப்பு என்னுடையது. நான் குட்டியானை வண்டியில் காய் ஏற்றி ஊர் ஊராக விற்கிறவன் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் தட்டு.

நிச்சயத்தில் இரண்டு வீட்டாரும் தாம்பூலத் தட்டு மாற்றும்போது, பெண் பக்கம் தட்டைப் பிடிப்பது தாய்மாமன். கவிதாவுக்குச் சொந்தத் தாய்மாமன் நான் ஒருவன்தான். ஆனால் எங்கள் வீட்டு விசேஷம் நடந்தபோதெல்லாம் நான் வேறு ஏதோ மாநிலத்தில் ஏதோ கிடங்கில் இருந்திருக்கிறேன். எனக்குப் பதில் நின்றவன் பெரியப்பா மகன் சின்னையா. காதுகுத்தில் அவன் மடி. சடங்கில் அவன் சீர். தூக்குவதில் அவன் அனுபவசாலி. இப்போது நான் உள்ளூரில் இருந்தும்கூட, சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று.

எனக்கு இந்தத் தடவை அந்தத் தட்டு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

மூட்டை ஊட்டி, உள்ளே குஜராத்

புதுக்கோட்டையில் மொத்தக் கடைக்குப் போனேன். மலையில் மழை, பாதையில் மண் சரிவு, லாரி இறங்கவில்லை என்றார்கள். கடைக்காரர் ஒரு மூட்டையைக் காட்டினார். சாக்கில் பச்சை மையில் ஊட்டி என்று அச்சடித்திருந்தது.

"எடுத்துக்கங்கண்ணே, ஊட்டிதான்."

உள்ளே கையைவிட்டு ஒன்றை எடுத்தேன். நீளம், வெளுப்பு, வழுவழுப்பு.

"இது குஜராத்து பாதுஷாவுல்ல?"

கடைக்காரர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "தொழில் தெரிஞ்ச ஆளா நீங்க? மொதல்லயே சொல்லக் கூடாதா? சாக்கு மட்டும் ஊட்டிண்ணே."

ஊட்டிக் கிழங்கு மண் ஒட்டியபடியே வரும்; இதற்கு நாமே பூசிக்கொள்ளலாம் என்று அதையே வாங்கி வந்தேன். பாதுஷா என்பது கிண்டல் இல்லை. கிழங்கின் பெயரே அதுதான். வடக்கே ஆராய்ச்சிக்காரர்கள் உண்டாக்கிய ரகங்களுக்கெல்லாம் குப்ரி என்று ஒரு இனிஷியல் உண்டு. குப்ரி என்பது சிம்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். குப்ரி ஜோதி, குப்ரி சுவர்ணா, குப்ரி கிரிராஜ், குப்ரி பாதுஷா. சிப்ஸ் போடுவதற்கென்றே பிறந்த ஒன்றுக்கு சிப்சோனா. எங்கே விளைந்தாலும் எவன் சாப்பிட்டாலும் இனிஷியல் மாறாது. நான் ஏழாம் வகுப்போடு ஓடிப்போனவன். இந்தப் பெயர்களை ஆக்ராவில் குளிர்கிடங்கில் மூட்டை அடுக்கியபோது கேட்டுக் கற்றேன். வெளியே வெயில் தாங்காது. உள்ளே குளிர் தாங்காது. வாசலில் நின்றால் சூப்பர்வைசர் தாங்கமாட்டார். ஒரு காய்ச்சலில் மூன்று வாரம் மூட்டை மேலேயே கிடந்தேன். கூட வேலை பார்த்த பீகார்க்காரன் உருளையைச் சுட்டு, உப்புத் தொட்டு ஊட்டிவிட்டான். அது ஜோதியா கிரிராஜா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் இந்தப் பெயரெல்லாம் செல்லாது. குட்டியானையில் மைக் கட்டி "பாதுஷா, பாதுஷா" என்று ஒரு தெருவில் கத்தினேன். பெண்கள் கிண்ணத்தோடு வந்தார்கள். ஜீராவில் ஊறின பலகாரத்தை எதிர்பார்த்து வந்து, கிழங்கைப் பார்த்துவிட்டு என்னை வைத வசவை இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள். அன்றிலிருந்து ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் விற்கிறேன்.

பெங்களூரில் இல்லாத பெங்களூர் கத்தரிக்காய்

ஊர்ப் பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை தேடி அலைந்ததில் மிச்சம் பிடித்தது இந்த ஒரு விஷயம்தான். எந்தச் சாப்பாட்டுப் பொருளின் பெயரில் ஓர் ஊர் இருக்கிறதோ, அந்த ஊரில் அந்தப் பெயர் இருக்காது.

பெங்களூருக்குப் போன புதிதில் ஒரு மெஸ்ஸில் எடுபிடியாக இருந்தேன். காய் வாங்கி வரச் சொன்னார்கள். மார்க்கெட்டில் போய் "பெங்களூர் கத்தரிக்காய்" என்று கேட்டேன். கடைக்காரி கத்தரிக்காயை எடுத்து நீட்டினாள். இல்லை, பெங்களூர் கத்தரிக்காய் என்றேன். இதுவும் பெங்களூரில்தான் இருக்கிறது என்றாள். நியாயம்தான். பிறகு நானே தேடிக் கண்டுபிடித்துக் கையை நீட்டினால், "ஓ, சீமெ பதனேகாயி" என்றாள். சீமைக் கத்தரிக்காயாம். சீமையில் அதற்கு என்ன பெயர் என்று விசாரிக்க எனக்கு பாஸ்போர்ட் இல்லை. அதோடு அந்த ஆராய்ச்சி நின்றது.

மங்களூரில் லாரியிலிருந்து இறங்கியதும் ஆசையாக மங்களூர் போண்டா கேட்டேன். அங்கே அது கோளி பஜே. விழுப்புரம் பக்கம் கடலை பறிக்கப் போனால், நம் நிலக்கடலையை மணிலாக் கொட்டை என்கிறார்கள். மணிலா எங்கே இருக்கிறது என்று உடன் பறித்தவர்களைக் கேட்டேன். திண்டிவனம் தாண்டி என்றார் ஒருவர்.

நம் ஊரும் இதற்கு விலக்கில்லை. புதுக்கோட்டை முட்டை மாஸ் என்று மற்ற ஊர்ப் பரோட்டாக் கடைகளில் போர்டில் எழுதியிருக்கிறார்கள். புதுக்கோட்டையில் வந்து உட்கார்ந்து அப்படிக் கேளுங்கள். "மாஸ் ஒண்ணு" என்று உள்ளே குரல் கொடுப்பார் சப்ளையர். உங்களையும் வெளியூர் என்று முடிவு கட்டிவிடுவார்.

கொஞ்ச நாள் மணமேல்குடியிலிருந்து மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு குளத்தூர்ப் பக்கம் போகிற வண்டியில் கிளீனராக இருந்தேன். மணமேல்குடி மீன் என்று சொல்லி விற்றால் அவ்வளவாகக் கூட்டம் வராது. பக்கத்து ஊர்தானே என்ற இளக்காரம். வண்டிக்காரர் ராமேஸ்வரம் மீன் என்று ஆரம்பித்தார். பெட்டி காலியானது. ஐஸ்கூட மணமேல்குடி ஐஸ்தான்.

ஆகையால் நான் கண்ட விதி இதுதான். பெயருக்கு வைக்கிற ஊர் தூரத்தில் இருக்க வேண்டும். வாங்குகிறவன் அங்கே போய்ப் பார்க்கக் கூடாது.

அந்த ஊர்க்காரனே இங்கே வந்து பந்தியில் உட்கார்ந்தால் என்ன செய்வது? அதற்கு விதி என்னிடம் இல்லை.

பலாவுக்கே பலா

தூரம் என்பதால் மாப்பிள்ளை வீட்டார் முதல் நாள் மத்தியானமே, நான் மண் பூசி முடித்த கையோடு வந்துவிட்டார்கள். வேன் கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது ஆள் இல்லை, வாசனை. பழுத்த பலாவின் வாசனை. அடுத்து முகம் வெளிறிப்போய்ச் சில பெண்கள். மண் சரிவுக்காக வேறு பாதையில் சுற்றி, அந்த வாசனையோடு அத்தனை கொண்டை ஊசி வளைவு இறங்கினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

கடைசியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தருமலிங்கம் இறங்கினார். என் வயதுதான் இருக்கும். ஸ்வெட்டரைக் கழற்ற மறந்திருந்தார். வெள்ளைத் துண்டு போர்த்திய ஒன்றைப் பிரசவ வார்டிலிருந்து வருகிறவர் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். துண்டை விலக்கினால் பலாப்பழம். ஜரிகை ரிப்பன் கட்டியிருந்தது.

"புதுக்கோட்டைப் பலாவுங்க," என்றார் பெருமையாக. "ஊட்டி மார்க்கெட்டுல போர்டே வெச்சு விக்கறானுங்க. உங்கூர்ப் பழம், உங்க புள்ளைக்கே கொண்டாந்துட்டமுங்க. நாளைக்குத் தட்டோட வெக்கலாம்."

பந்தலில் ஒன்றிரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு இரண்டு பலாமரம் நிற்கும். ஆனி, ஆடியில் விழுகிற பழத்தை ஆடு சீந்தாது. யார் வீட்டுக்காவது விருந்தாளியாகக் கிளம்பினால், "பலா மட்டும் வேணாம்" என்று முதலிலேயே போனில் சொல்லிவிடுவார்கள். இவர் அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து இறக்கியிருக்கிறார்.

அக்கா என் காதருகே வந்தாள். "வெளாட்டுக்குப் பண்றாங்களாடா?"

"இல்லக்கா. மரியாதைக்குப் பண்றாங்க."

"அந்தப் பழத்தப் பாத்தா நம்ம பழமாத் தெரியலையேடா."

எனக்கும் தெரியவில்லை. முள் விரிந்து, நிறம் பாசிப் பச்சையாக இருந்தது. கேரளத்துப் பழம். போர்டு மட்டும் புதுக்கோட்டை.

"சும்மா உக்கார முடியாதுங்க"

சாயங்காலம் காய் நறுக்கச் சொந்தக்காரப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். சமையல் மாஸ்டர் முருகேசன் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். இரவு சப்பாத்திக்கு உருளைக் குருமா. நான் மூட்டைக்குப் பக்கத்தில் காவல் நாய் மாதிரி நின்றேன்.

தருமலிங்கம் காப்பி குடித்த தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"சும்மா உக்கார முடியாதுங்க சம்பந்தி. கெழங்கக் கொட்டுங்க, அழுகல் பொறுக்கித் தாரனுங்க. நமக்கு அது கைப்பழக்கம்."

"நீங்க விருந்தாளி, இருங்க."

"நம்மூர்க் கெழங்கு, நம்மகிட்டயே வெக்கப்படுதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழியில்லாமல் கொட்டினேன்.

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் கிழங்கை எடுத்தார். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. என் உழைப்பில் ஒரு செதில் பெயர்ந்து அவர் வேட்டியில் விழுந்தது. உள்ளே பாதுஷா பளிச்சென்று தெரிந்தார். தருமலிங்கம் மண்ணை விரலில் எடுத்து நசுக்கினார். மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் நகக் கண்ணில் இருந்த செம்மண்ணையும் பார்த்தார்.

"நல்ல மண்ணுங்க," என்றார் மெல்ல.

அதே சமயம் அக்கா வெற்றிலைத் தட்டோடு வந்தாள். அவள் கெட்டிக்காரிதான். ஆனால் கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு ரேஷன் கடை நினைவு வந்துவிடும்.

"என்னண்ணே, ஒங்க ஊருக் கெழங்குதான? எல்லாரு காதுலயும் விழுற மாதிரிச் சொல்லுங்க. இவளுங்க நம்ப மாட்டேங்குறாளுங்க."

கத்திகள் நின்றன. சின்னையா ஒரு தூணில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் தேய்த்த சட்டை தெரிந்தது.

தருமலிங்கம் கிழங்கை இன்னொரு தரம் புரட்டினார். அந்த நேரம் பார்த்துப் பந்தலின் மறு மூலையிலிருந்து வடகாட்டுச் சித்தியின் குரல் வந்தது. சித்திக்குப் பலாத்தோப்பு உண்டு. பழத்தைத் தட்டியே வயசு சொல்லுவாள். ரிப்பன் கட்டிய பழத்தை நாலு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏய் தங்கராசு, இங்கிட்டு வா. இதப் புதுக்கோட்டப் பழம்னு எவன் சொன்னது? இந்த முள்ளு நம்ம சீமையிலேயே கெடையாதே!"

இப்போது மாட்டிக்கொண்டது தருமலிங்கம். ஸ்வெட்டருக்குள் அவருக்கு வியர்த்தது. அவரைச் சுற்றி அவர் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்கள். பழம் பொய் என்று தெரிந்தால் அவர் திரும்புகிற வழியில் எந்தக் கொண்டை ஊசியில் இறக்கிவிடப்படுவார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் கையில் என் கிழங்கு. என் வாயில் அவர் பழம்.

நான் முந்திக்கொண்டேன்.

"நம்ம பழந்தான் சித்தி. ஆலங்குடிக்கு மேற்கால ஒரு தோட்டத்துல இந்த முள்ளு காய்க்குது. நான் வண்டியில போறப்பப் பாத்திருக்கேன்."

"நான் பாக்காத தோட்டமாடா?"

"நீ குட்டியானையில போனதில்லையில்ல சித்தி?"

சித்தி முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தருமலிங்கம் நீளமாக மூச்சு விட்டார். கையிலிருந்த கிழங்கை உயரத் தூக்கினார்.

"எங்கூருதானுங்க! கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். கேத்திக் கெழங்கு!"

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

குளித்துவிட்டு வந்த கிழங்கு

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தண்ணீரை மறந்துவிட்டேன்.

முருகேசன் மாஸ்டர் கிழங்கை அண்டாவில் கொட்டி ஓஸ் பைப்பைப் பிடித்தார். அண்டா சிவந்தது. கறம்பக்குடி மண் முழுதும் கரைந்து வாய்க்காலில் போனது. மாஸ்டர் கரண்டியால் ஒரு கிளறு கிளறினார். உள்ளே இருந்து வெள்ளை வெளேரென்று கிழங்குகள் எட்டிப் பார்த்தன.

"தங்கராசண்ணே," மாஸ்டருக்கு மைக் தேவையில்லாத குரல், "ஊட்டி குளிச்சதும் வேற ஆளாயிருச்சே!"

நான் வாயைத் திறக்குமுன் தருமலிங்கம் அங்கே நின்றார்.

"எங்கூருக் கெழங்கு அப்படித்தானுங்க மாஸ்டர். அங்க குளுருக்குப் போத்திட்டுக் கெடக்கும். உங்கூரு வெயிலுக்குக் கழட்டிருச்சு."

"அப்ப நீங்களும் அந்த ஸ்வெட்டரக் கழட்டுங்க," என்றார் மாஸ்டர்.

மறுநாள் காலையில் தட்டு மாற்றினோம். பெண் பக்கம் தட்டைப் பிடித்தது நான். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், புடவை. அவ்வளவு கனம் இருக்கும் என்று தெரியாது. எத்தனையோ மூட்டை தூக்கியவன், அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். கவிதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்னையா தேய்த்த சட்டையோடு போட்டோ எடுத்தான். எதிர்ப்பக்கம் தருமலிங்கம் தட்டோடு நின்றார். அவருக்குப் பின்னால் ரிப்பனோடு பலா. தட்டில் அடங்காததால் அண்டா மூடியில் வைத்திருந்தார்கள்.

பந்தி நேரத்தில் பலாவை அரிந்தார்கள். கூழைப் பழம். சுளை கையில் நிற்காது, வழியும். எங்கள் பக்கம் அதை மனுஷனுக்குப் பரிமாறுவதில்லை. வடகாட்டுச் சித்தி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். முழங்கை வரைக்கும் வழிந்தது.

"இதுதான் ஆலங்குடிக்கு மேற்கால காய்க்குதாக்கும்?"

"சித்தி, கேத்தியிலேருந்து இங்க வரைக்கும் வேனுல குலுங்கி வந்தா நீயும் நானும்கூடக் கூழாத்தான் எறங்குவோம்," என்றேன்.

பந்தி சிரித்தது. மலையிலிருந்து வந்த பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர்களுக்கு அது அனுபவம்.

பிசின்

பலாப் பிசின் தண்ணீருக்குப் போகாது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் நானும் தருமலிங்கமும் தேங்காயெண்ணெய் தடவிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். மரத்தில் என் சாக்கு இன்னும் ஒரு முனையில் தொங்கியது. கீழே செம்மண் குவியல், சல்லடை.

அவர் எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஒரு முனையை மரத்துல கட்டுனீங்களா? ஒத்தையில ஆட்டுனா கெழங்குக் கண்ணுல மண்ணு சரியா ஏறாதுங்க மச்சா."

முதல் தடவையாக மச்சா என்றார்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"மூட்டையக் கொட்டும்போதே. சத்தமே வேற." எண்ணெயை முழங்கைக்கு ஏற்றினார். "பழம்?"

"வேன் கதவத் தொறந்தப்பவே."

இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டோம். தேய்த்துக்கொண்டே இருந்தோம்.

"என் தங்கச்சி சொல்லிட்டா," என்றார். "பொண்ணு வூட்டுக்காரங்க நம்மள மலைக்காடுன்னு நெனைக்கிறாங்க, அவங்க பெருமை தெரிஞ்சவங்க நாமன்னு காட்டோணும், நீதான் பழம் வாங்கோணும்னு. இல்லாட்டித் தட்ட எங்க சித்தப்பா புடிப்பாருன்னுட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. எண்ணெய்க் கையோடு தோளைத் தட்டிக்கொண்டோம். இரண்டு சட்டையும் போயிற்று.

"ஊர்ல நீங்க என்ன கெழங்கு சாப்புடுவீங்க?" என்று கேட்டேன்.

"நல்லதெல்லாம் மண்டிக்குப் போயிருமுங்க. மம்பட்டி பட்டது, வெட்டுப்பட்டது மிஞ்சும். அதுக்குப் பேரெல்லாம் இல்லீங்க. கெழங்கு, அவ்வளவுதான். நீங்க?"

"எங்களுக்கும் விழுந்து ஒடைஞ்ச பழந்தான். நல்லது லாரி ஏறிடும்."

அதே ஊட்டி

ஆடியில் ஒரு பார்சல் லாரியில் எனக்கு மூட்டை வந்தது. கேத்தியிலிருந்து. இந்தத் தடவை மம்பட்டி படாதது, கறுப்பு மண் ஒட்டினது, நிஜமானது. நான் பதிலுக்கு வடகாட்டுச் சித்தி தோப்பில் அவளையே தட்டிப் பார்க்கச் சொல்லி, சுளை கத்தி மாதிரி நிற்கிற பழமாக மூன்று அனுப்பினேன்.

அக்கா அந்தக் கிழங்கில் குருமா வைத்து, நிச்சயத்துக்கு வந்த சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் போட்டாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். கடைசியில் சின்னையா இலையை மடித்துக்கொண்டே சொன்னான்:

"நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா அன்னிக்கு வச்ச ஊட்டி மாதிரி இல்ல."

"ஆமாம்மா," என்றார்கள் நாலைந்து பேர். "அதுல ஒரு ருசி இருந்துச்சு."

ராத்திரி தருமலிங்கம் போன் செய்தார். பழத்தை அரிந்தார்களாம். சுளை கெட்டியாக இருக்கிறதாம், பல்லுக்கு வேலை வைக்கிறதாம். "அன்னிக்குப் பந்தியில வழிஞ்சு ஓடுச்சே, அதுதான் அசல் புதுக்கோட்டைன்னு பொம்பளைங்க சாதிக்கறாங்க மச்சா. நான் என்னன்னு சொல்றது?"

ஆவணியில் கல்யாணம். எங்கள் ஊரில்தான். அதற்கு முந்தின வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"காயி நீதான் தங்கராசு."

"சரிக்கா. தருமலிங்கம் மச்சாங்கிட்டச் சொல்லி நெசமான ஊட்டியே எறக்கிடுறேன். இப்பப் பாதையெல்லாம் நல்லாருக்கு."

"எதுக்கு?" என்றாள். "அந்த வீட்டு ஆளுங்களும் அன்னிக்குப் போட்ட ஊட்டியத்தான் கேக்குறாங்களாம். நம்ம சனமும் அதத்தான் கேக்குது."

"அது குஜராத்துக்கா."

"கத்தாதடா." இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "மண்ணு சலிச்சது மிச்சம் இருக்குல்ல?"

கல்யாணத்துக்கு முதல் நாள் நான் சாக்கை நனைத்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். முருங்கை மரத்தில் கட்டக் கயிற்றைத் தேடியபோது சின்னையா வந்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுமுனையைப் பிடித்தான்.

நான் முன்பே சொன்னேன். தூக்குவதில் அவன் அனுபவசாலி.